அப்பாவுடன் இரவுச் சாப்பாடு: அடையாறு பக்கம் மாடி ஏறத் தேவையில்லாத சைவ ஓட்டல் வேண்டும்

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 74. வரும் சனிக்கிழமை இரவு வெளியே கூட்டிப் போக வேண்டும், சரியான இடம் அமையவில்லை. இருப்பது திருவான்மியூரில், அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் வரை ஆட்டோவில் வரலாம். மூன்று பேர், 1500 ரூபாய்க்குள்.

பெரிய சிக்கல் நேரம்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போட்டபின் வாசலில் காத்து நின்றால் சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிடும். உட்கார்ந்த பிறகு போடலாமென்றால் டிபன் பத்து நிமிடத்தில் வந்து ஆறிப்போகிறது. அதனால் 7 மணிக்கென்றால் 7 மணிக்கு மேசை கிடைத்தாக வேண்டும்.

முழங்கால் வலியும் உண்டு. பல இடங்களில் ஏசி ஹால் மாடியில், லிஃப்ட் கிடையாது. தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது. கை வைத்த நாற்காலி வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் அவசியம். காது மெஷின் போடுவதால் சத்தமாகப் பாட்டு ஓடினால் பேச்சே கேட்காது.

போனில் விசாரித்தவரை, சைவ ஓட்டல்களில் சனிக்கிழமை முன்பதிவு இல்லை, வந்து பேர் கொடுங்கள் என்கிறார்கள். பஃபே பார்த்தோம், தட்டோடு நடப்பது அவருக்குச் சிரமம். வீட்டுக்கு வரவழைக்கலாம், ஆனால் வெளியே உட்கார்ந்து சூடாக அடை, இடியாப்பம் சாப்பிடத்தான் அவருக்கு ஆசை.

இந்தப் பகுதியில், தரைத்தளத்தில், சனிக்கிழமை 7 மணிக்கு மேசை ஒதுக்கித் தரும் அமைதியான சைவ ஓட்டல் எது?