நியூவே வெள்ளி: காசா, பதக்கமா?

கல்லாப்பெட்டி: போன வாரம் ஒருவர் 2011 ‘ஸ்டார் வார்ஸ்’ வெள்ளிக்காசின் படம் போட்டிருந்தார். அழகுதான். ஒரு பக்கம் அந்தப் படத்தின் வில்லன் டார்த் வேடர், மறுபக்கம் எலிசபெத் ராணி, மதிப்பு 2 டாலர். வெளியிட்ட நாடு, பசிபிக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நியூவே. அங்கே மொத்த ஜனமே இரண்டாயிரம் தேறாது. எந்தக் கடையிலும் கைமாறாத இதைப் பதக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

வெள்ளிப்பித்தன்: சட்டப்படி செல்லும் காசு, அண்ணே. அச்சடிப்பது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் என்றாலும் நியூவேயின் அனுமதி வேண்டும், அதற்குப் பணமும் போகிறது. இன்னொரு பசிபிக் தீவான துவாலு தன் ‘.டிவி’ இணைய முகவரியை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவில்லையா? சின்னத் தீவு பிழைக்க வேண்டாமா?

கல்லாப்பெட்டி: பிழைக்கட்டும். ஆனால் 31.1 கிராம் வெள்ளியை 2 நியூசிலாந்து டாலருக்கு எவன் கடையில் நீட்டுவான்? மதிப்பைக் குறைத்துப் போடுவதே அதற்குத்தான். நாளைக்குக் காசெல்லாம் திரும்பி வந்தாலும் அரசுக்குக் கையைக் கடிக்காது.

ஆமைக்காசு: என்னிடம் துவாலுவின் 1976 டாலர் ஒன்று இருக்கிறது. செம்பும் நிக்கலும் கலந்தது, ஒன்பது பக்கம், நடுவே கடலாமை. விளிம்பு தேய்ந்து, ராணியின் மூக்கும் மழுங்கிவிட்டது. யாரோ இதைக் கொடுத்து மீன் வாங்கியிருப்பார்கள். பின்னாளில் அதே துவாலுவின் பெயரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட் நாணயச்சாலை மார்வெல் காமிக்ஸ் நாயகர்களை வெள்ளியில் அடித்தது. அதுவும் 1 டாலர்தான்!

வெள்ளிப்பித்தன்: சரி, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு நம் அரசு வெளியிட்ட 1000 ரூபாய்க் காசை எடுங்கள். 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதைக் கொடுத்து யார் அரிசி வாங்கினார்கள்? அதுவும் பதக்கமா?

கல்லாப்பெட்டி: நல்ல கேள்விதான். ஆனால் பெரிய கோயில் இந்த மண்ணில் நிற்கிறது. டார்த் வேடருக்கு நியூவேயில் என்ன வேலை?

ஆமைக்காசு: சண்டை இருக்கட்டும், விற்கப் போய்ப் பார்த்தீர்களா? என் நியூவே காசு ஒன்றைக் கடைக்காரர் அதன் பிளாஸ்டிக் காப்ஸ்யூலோடு வெளிச்சத்தில் திருப்பினார். ராணியின் கன்னத்தில் பால் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். “எடைக்குத்தான் எடுப்பேன்” என்றார். பெட்டிக்கும் சான்றிதழுக்கும் ஒரு பைசா இல்லை.

வெள்ளிப்பித்தன்: எடைக்காவது போகும் அல்லவா? உங்கள் ஆமையை எடைக்குப் போட்டால் ஒரு டீ கூட வராது.

ஆமைக்காசு: அதை விற்கிறதாக யார் சொன்னது?