ஆர்எக்ஸ் 100 சைலன்சர் சரியாக உட்காரவில்லை, வழி சொல்லுங்கள்

மதுரைப் பக்கத்து அண்ணன்மார்களுக்கு வணக்கம். அப்பாவின் 1994 யமஹா ஆர்எக்ஸ் 100க்குப் பழைய சைலன்சர் துருப்பிடித்துப் போனதால் வெளிக் கம்பெனி சைலன்சர் வாங்கினோம். முன்பக்க வளைகுழாயான பெண்ட் பைப்பை சிலிண்டரில் முடுக்கினால் பின்னால் பிராக்கெட் துளை விரலகலம் தள்ளி நிற்கிறது. பின்போல்ட்டை முதலில் போட்டாலோ முன்னால் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரமாகப் புகையும் ஆயிலும் கசிகிறது.

நெம்பி மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனசில்லை. இழுபட்டே ஓடினால் அதிர்வில் வெல்டிங் விட்டுவிடும். அதுவும் டூ ஸ்ட்ரோக் வண்டி. சைலன்சருக்குள் இருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான் எரியாத பெட்ரோலை வெளியே போகவிடாமல் சிலிண்டருக்குள் தள்ளும். கசிவு இருந்தால் இழுவை குறையும்.

ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் பிராக்கெட்டை அறுத்து அளவாக வெல்டிங் வைத்துத் தருகிறவர் யாராவது உண்டா? இல்லை, யாரிடமாவது ஒரிஜினல் சைலன்சர் இருந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.