தொப்பூர் கணவாய் வழியா போறவங்க, விபத்துல மாட்டிக்கிட்டா கண்ணாடி உடைக்கிற சுத்தியலும் சீட் பெல்ட் வெட்டுற கட்டரும் காரில் எங்கே வைக்கிறீங்க?

தருமபுரி, பாடி ஒர்க்‌ஷாப்:
தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி பின்னால் மோதினால், பாடி நெளிந்து கதவுகள் ஃப்ரேமோடு இறுகிக்கொள்ளும். பிறகு ஜன்னல்தான் வழி. முன் கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்காதீங்க. அது லேமினேட்டட். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விழுமே தவிர ஓட்டை விழாது. பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்டு. அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. ஓரிடத்தில் உடைந்தால் முழுசும் பொடிக் கற்கண்டு மாதிரி உதிரும்.

ஆனால் சில புது மாடல்களில் முன் கதவுக் கண்ணாடியும் லேமினேட்டட்தான். எது எதுவென்று கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், இன்றைக்கே இறங்கிப் பாருங்க. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் கண்ணாடி உடைக்கும் 6 கருவிகளைச் சோதித்தது. 4 கருவிகள் டெம்பர்டை உடைத்தன, லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை.

அடிக்க வேண்டியது கீழ் மூலையில், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் நொறுங்கியும் கீழே விழாது. காலால் உதைத்து வெளியே தள்ளணும்.

ஓசூர், டாக்சி டிரைவர்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். கருவியை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைக்காதீங்க. பெல்ட் இறுகிட்டா அங்கே கை எட்டாது. டேஷ்போர்டு மேலே வெச்சா மோதுற வேகத்தில் பறந்துரும். கியர் பக்கத்துக் கன்சோலில் வெல்க்ரோ போட்டு ஒட்டுங்க. பெல்ட் மாட்டிக்கிட்டே எட்டுதான்னு பாருங்க.

வண்டி தலைகீழா கிடந்தா, உடம்பு எடை முழுக்கத் தொங்குறதால பக்கிள் பட்டன் சில நேரம் விடாது. முதல்ல ஒரு கையைக் கூரையில் ஊன்றி, காலை முட்டுக்கொடுத்துட்டு அப்புறம் வெட்டுங்க. இல்லன்னா கழுத்து அடிபடும். விறைப்பா இருக்கிற இடத்தில் கட்டரைச் சாய்வா மாட்டி ஒரே இழுப்பு. ரம்பம் மாதிரி அறுக்காதீங்க.

கிருஷ்ணகிரி:
கே.ஆர்.பி. அணைப் பக்கம், ஏரிக்கரை ரோடுகளில் ஓட்டுறவங்களுக்கு: தண்ணிக்குள் இறங்கினா கதவைத் திறக்காதீங்க. திறந்தா தண்ணி ஒரேயடியா உள்ளே பாயும். பெல்ட்டைக் கழற்றி, முதல் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே ஜன்னலை இறக்குங்க; பவர் விண்டோ அதுவரைக்கும் பெரும்பாலும் வேலை செய்யும். தண்ணி மட்டம் கண்ணாடிக்கு மேலே ஏறிட்டா அழுத்தத்தில் இறங்காது, உடைக்கத்தான் வேணும். தண்ணிக்குள் சுத்தியலை வீச முடியாது, வேகமே வராது. அதனால ஸ்பிரிங் விசையில் கண்ணாடியைக் குத்தி உடைக்கிற ஸ்பிரிங் பஞ்ச் வாங்குங்க. மூலையில் வெச்சு அழுத்தினாப் போதும். பிள்ளைங்களை முதல்ல வெளியே தள்ளுங்க, பெரிய பிள்ளையிலிருந்து.

தருமபுரி, பாடி ஒர்க்‌ஷாப்:
சரியாச் சொன்னீங்க தம்பி. பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது, அதனால பின் சீட்டுக்கும் தனியா ஒரு கருவி வையுங்க. வெளியே வந்ததும் ரோட்டில் நிற்காமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய், 108-க்கோ நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கோ கூப்பிட்டு, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சேலம் பக்கமா தருமபுரி பக்கமா என்பதையும் சொல்லுங்க.