மறு: பாடத்தாளுக்கு ஒரு சொல் வேண்டும் ("ஸ்லோ" தமிழில் என்ன?)

ஹட்டனிலிருந்து:

வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் மோட்டார் மெக்கானிக் வகுப்புக்குத் தமிழில் பாடத்தாள் அடித்தாக வேண்டும். மாணவன் ஒருவன் ஆசைக்கு மாற்றியமைத்த பழைய கார்தான் உதாரணம். கார்புரேற்றர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெற்றோல் ஊற்றுகிற இன்ஜெக்‌ஷன் எஞ்சின் போட்டிருக்கிறான். பெடலில் காலே வைக்காமல் எஞ்சினின் சுற்று நிமிடத்துக்கு 900க்கும் 1,800க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கார் நிற்கையில் பெடல் மிதிக்காமல் எஞ்சின் ஓடுகிற வேகம்தான் ஸ்லோ, ஆங்கிலத்தில் idle. அது சீராக இல்லாவிட்டால் கராஜில் "ஸ்லோ நிக்கல" என்போம். தாளில் என்ன எழுதுவது? "செயலற்ற வேகம்" என்று எங்கோ பார்த்தேன். 1,800 சுற்றில் கத்துகிற எஞ்சினைச் செயலற்றது என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பேராதனையிலிருந்து:

தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது: வெற்றோட்டம். வெறுமை + ஓட்டம். மை ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டி, உகரம் உயிர் முன் ஓடிவிடும். வெற்றிலை பிறந்த வழியும் இதுதான் என்பார்கள். பூக்காமல் காய்க்காமல் வெறும் இலையாகவே பயன்படுவதால் வெறுமை + இலை. அந்தச் சொல்தான் மலையாளக் கரையில் போர்த்துக்கேயர் வாயில் விழுந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. வெற்றிலைக்கொடிக்கும் பூ உண்டு என்று சண்டைக்கு வருபவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

ஐயா, வெற்றிலையை விடுங்கள். அந்த ஓட்டத்தில் வெறுமை எங்கே இருக்கிறது? எஞ்சின் தன் உராய்வையே வெல்ல வேண்டும், எண்ணெய்ப் பம்பைச் சுழற்ற வேண்டும், பற்றறிக்கு மின் கொடுக்க வேண்டும். பௌதிகவியல் படிப்பிக்கிற என்னால் இதை வெறுமை என்று எழுத முடியாது. கார் நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. ஆகவே நின்றோட்டம்.

பண்டாரவளையிலிருந்து:

சார், கராஜுக்கு வந்து ஒரு நாள் நின்று பாருங்கள். "எஞ்சின் நிக்குது" என்றால் அணைந்துபோகிறது. "ஸ்லோ நிக்குது" என்றால் நன்றாக இருக்கிறது. ஒரே 'நிற்றல்', ஒன்று நோய், மற்றது சுகம். "நின்றோட்டம் நிற்கவில்லை" என்று தாளில் போட்டால் பையன் எதைக் கழற்றுவான்? வெற்றோட்டமும் வேண்டாம். மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி பார்த்து வளர்ந்தவர்கள் அதை வெற்றி ஓட்டம் என்றுதான் வாசிப்பார்கள். ஸ்லோ என்று எழுதுங்கள். சிங்களத்திலும் அதுதான், கொழும்பில் உதிரிப்பாகக் கடையிலும் அதுதான்.

அப்புறம், அந்தக் காரில் எஞ்சினுக்குள் காற்று போகிற இன்டேக் பக்கத்து இறப்பர்க் குழாய் எங்காவது வெடித்திருக்கும். கள்ளக்காற்று போனால் சுற்று ஏறும். பெடல் மிதிக்காமலே இவ்வளவு சுற்றா என்று கம்ப்யூட்டர் பெற்றோலை வெட்டும். சுற்று விழும், திரும்ப ஊற்றும், திரும்ப ஏறும். குழாயைப் பாருங்கள், சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

பேராதனையிலிருந்து:

வெறுங்கை என்றால் கை இல்லை என்றா பொருள்? கையில் ஒன்றும் இல்லை என்று பொருள். வெறுங்கால், வெறுவயிறு எல்லாம் அப்படித்தான். வண்டியை இழுக்கிற பாரம் இல்லாத ஓட்டம் வெற்றோட்டம். பௌதிகவியல் ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கண்டியிலிருந்து:

இன்னும் ஒன்று கிடக்கிறது. சென்சருக்கு எல்லோரும் உணரி என்று எழுதுகிறோம். வெப்பத்தை அது உணர்வதோடு முடிந்தால் நமக்கு என்ன லாபம்? கம்ப்யூட்டருக்கு உணர்த்தினால்தானே வேலை. பிறவினையில் உணர்த்தி என்பதே சரி.

நுவரெலியாவிலிருந்து:

வெறுங்கைக்குத் தோற்றேன். உணர்த்தியை ஏற்க மாட்டேன். பழுதான சென்சரும் எதையோ உணர்த்திக்கொண்டுதான் இருக்கிறது, பொய்யை. உணரி பழகிவிட்டது, இருக்கட்டும்.

தாளில் இதைக் கட்டாயம் சேருங்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் அழுத்த உணரியைப் பார்த்தால் வெளிக்காற்றின் அழுத்தம் காட்டும். கடற்கரையில் அது 101 கிலோபாஸ்கல் அளவு. இங்கே ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் 81தான். கொழும்பில் அச்சடித்த அட்டவணையை வைத்துக்கொண்டு நல்ல உணரியைக் கழற்றி எறிவதை நான் பார்த்திருக்கிறேன். ஹட்டனில் 87 அளவில் வரும்.

ஹட்டனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் வெற்றோட்டம், செய்முறைப் பகுதியில் ஸ்லோ. உணரி அப்படியே. ஏறி இறங்குவதற்கு "வெற்றோட்ட அலைவு" என்று போட்டிருக்கிறேன், பொருத்தமில்லை என்றால் நாளைக்குள் சொல்லுங்கள். பண்டாரவளை அண்ணே, குழாய் வளைகிற இடத்தில் அடிப்பக்கம் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. மாற்றியதும் 1,100க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. இன்னும் கூடுதல்தான். எஞ்சினுக்குப் போகிற காற்றைத் திறந்து மூடுகிற கதவுதானே திறொட்டல், அதன் உணரி மூடிய நிலையில் 0.5 வோல்ற் அளவில் இருக்க வேண்டியது 0.9 காட்டுகிறது.

பண்டாரவளையிலிருந்து:

உணரியின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, மீற்றரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். வெற்றோட்டத்துக்கு என் வாக்கு கிடையாது. பட்டியலில் எழுதிவையுங்கள்.

கண்டியிலிருந்து:

உணர்த்திக்கு என் ஒரு வாக்கு நிற்கிறது. அதுசரி, திறொட்டல் என்று அப்படியே விட்டுவிட்டீர்களே. அது தொண்டையோடு உறவுள்ள சொல். நம்மிடம் மிடறு இருக்கிறது. மிடற்றுக்கதவு எப்படி?