புதுப்பிப்பு: எல்டன் ரிங்கில் விகரா, ஸ்ட்ரெங்தா?

எல்டன் ரிங் வீடியோ கேமில் ரூன்களை (லெவல் ஏற்றச் செலவழிப்பவை) விகரில் (உயிர் அளவு) போடுவதா, ஸ்ட்ரெங்திலா (பலம்) என்று முன்பு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விகரையே முதலில் 40 வரை ஏற்றினேன், எச்பி (உயிர்ப் புள்ளிகள்) 1450 வந்துவிட்டது, இப்போது பாஸ் எனும் பெரிய எதிரி ஓங்கி அடித்தாலும் தள்ளிப்போய் உயிரை நிரப்பும் பிளாஸ்க் குடிக்க நேரம் கிடைக்கிறது. 60இல் நிறுத்திவிடுங்கள், அங்கே கிடைக்கும் 1900 எச்பி, 99 வரை போனாலும் 2100தான் ஆகும்.

ஸ்ட்ரெங்துக்கு ஹட்டனில் இருக்கிற அண்ணா ஒருவர் சொன்னதுதான் தங்கமான யோசனை: வாளை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும், அதனால் ஸ்ட்ரெங்த் 31 கேட்கிற கிரேட்ஸ்வோர்டு என்ற பெரிய வாளுக்கு 21 போதும். மிச்சத்தை எண்டியூரன்ஸில் (சுமை தாங்கும் திறன்) போட்டேன், ஏனென்றால் வாள் சரியான பாரம், சுமை 70 சதவீதத்தைத் தொட்டால் அடிக்குத் தப்ப உருள்வது மந்தமாகிவிடும்.

அப்புறம், பண்டாரவளையில் இருக்கிற தம்பி மந்திரவாதியாக ஆடப்போகிறானாம். இன்டலிஜென்ஸோடு (மந்திர பலம்) மைண்ட் (மந்திரம் போடும் சக்தியின் அளவு) எவ்வளவு வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.