விண்கலத்தில் ராமானுஜன் எண்

குழு: ராயக்கோட்டை வீடு
ஞாயிற்றுக்கிழமை

நிலா (மாலை 4.12): [படம்]

நிலா: பெரியப்பா, இந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். விண்கலத்தின் மேல் ஓர் எண் எழுதியிருக்கிறது. என்ன எண் என்று சொல்லுங்கள்.

பெரியப்பா: பொறு. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பெரியப்பா: 1729! இது எங்கே கிடைத்தது உனக்கு?

நிலா: 'ஃபியூச்சுராமா' என்று ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். 1999-இல் தொடங்கியது. விடுதியில் தோழிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்பஸ் என்னும் அந்தக் கப்பலின் பதிவு எண் பி.பி. 1729. அதைப் பற்றிக் கதையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே தொடரில் பெண்டர் என்ற ரோபோவுக்கு, அவனை உருவாக்கிய இயந்திரம் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறது. அதிலும் 'மகன் எண் 1729' என்று இருக்கிறது. ஒருமுறை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம்.

பெரியப்பா: தற்செயலே இல்லை, கண்ணு. 31 ஆண்டுகள் வகுப்பில் இந்த எண்ணைச் சொல்லாமல் நான் ஒரு கல்வியாண்டைக்கூட முடித்ததில்லை. ஈரோட்டில் 1887-இல் பிறந்த ராமானுஜன், லண்டனில் பட்னி என்ற இடத்தில் உடல்நலமில்லாமல் படுத்திருந்தார். பார்க்கப் போன கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பாக ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார். ராமானுஜன் படுக்கையில் இருந்தபடியே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார்.

1³ + 12³ = 1 + 1728
9³ + 10³ = 729 + 1000

அந்த டாக்ஸி எண்ணை ஒரு கார்ட்டூன் கப்பலில் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கார்த்தி: அப்பா, அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர் கென் கீலர். ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2010-இல் வந்த ஒரு பகுதியில் எல்லோருடைய மனமும் உடல் மாறிச் சிக்கிக்கொள்ளும். எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும், புதிதாக இரண்டே பேர் சேர்ந்தால் அனைவரும் தம் உடலுக்குத் திரும்பலாம் என்று அவரே ஒரு தேற்றத்தை நிரூபித்தார். அந்த நிரூபணம் திரையில் பலகையில் எழுதப்பட்டு வருகிறது.

பெரியப்பா: ஒரு தொடருக்காகத் தேற்றமா! அந்தப் பகுதியை எனக்கு அனுப்பு.

செல்வி அத்தை: மண்டியில் இருந்தபடியே எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்தவனுக்கு மட்டும் புரியும்படி எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? பந்தியில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பேர் மட்டும் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொண்டால், மற்ற இருவருக்குச் சோறு இறங்குமா?

நிலா: அத்தை, அந்தக் கப்பல் வரும் காட்சியில் எண் தெரியாவிட்டாலும் எதுவும் குறையாது. நான்கூட முதல் தடவை பார்த்தபோது கவனிக்கவில்லை. நன்றாகச் சிரித்தேன்.

செல்வி அத்தை: நீ படித்த பெண். உனக்குக் குறையாது.

அம்மா: இங்கே நல்ல மழை பிடித்துக்கொண்டது. மாடியில் வடகம் காய்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன். நிலா, விடுதியில் ஜன்னலைச் சாத்து.

கார்த்தி: அத்தை, உங்களுக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். நீங்கள் அந்தத் தொடரைப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. 1995-இல் 'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதியில், ஹோமர் என்ற அந்தக் குடும்பத் தலைவர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுந்துவிடுவார். அவருக்குப் பின்னால் ஒரு சமன்பாடு மிதக்கும்.

1782¹² + 1841¹² = 1922¹²

சரியா, தவறா?

பெரியப்பா: ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தையே பொய்யாக்குகிறதே இது! இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் முழு எண்கள் இப்படி அமையவே அமையாது. 350 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்தது. ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சில் வந்ததும் அதே 1995-இல்தான்.

கார்த்தி: பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள் அப்பா. இரண்டு பக்கமும் ஒரே விடை.

பெரியப்பா: போட்டேன். ஒரே விடைதான் வருகிறது. நிரூபணம் தெரிந்த எனக்கே ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது.

செல்வி அத்தை: கால்குலேட்டரை வையுங்கள். இது பொய்க் கணக்கு.

பெரியப்பா: எப்படிச் சொல்கிறாய் செல்வி?

செல்வி அத்தை: மண்டியில் யார் கூட்டல் போட்டுக் கொடுத்தாலும் நான் முதலில் கடைசி இலக்கத்தைத்தான் பார்ப்பேன். 2-ஐ 12 முறை பெருக்கினால் 4096. அதனால் 1782-இன் பெருக்கல் 6-இல் முடியும். 1841-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் கடைசியில் 1 வரும். கூட்டினால் 7. அந்தப் பக்கம் 1922, அதுவும் 2-இல் முடிகிற எண், அதனால் 6. இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 6. இரண்டும் எப்படிச் சமமாகும்?

நிலா: அத்தை!!!

பெரியப்பா: இதை என் வகுப்பில் ஒரு மாணவன் சொல்லியிருந்தால் பலகையை அவனிடமே கொடுத்திருப்பேன். இரட்டைப்படையோடு ஒற்றைப்படையைக் கூட்டினால் ஒற்றைப்படைதான் வரும் என்று நான் சொல்ல வந்தேன். நீ அதைவிடக் கூர்மையாகப் பிடித்துவிட்டாய்.

கார்த்தி: அதை எழுதியவர் டேவிட் எக்ஸ். கோஹன். இப்படி மயிரிழையில் தவறும் எண்களைத் தேடுவதற்கென்றே ஒரு கணினி நிரல் எழுதினார். 1998-இல் இன்னொன்றை வைத்தார். இந்த முறை ஹோமரே கரும்பலகையில் எழுதுகிறார்.

3987¹² + 4365¹² = 4472¹²

இதையும் பாருங்கள் அத்தை.

செல்வி அத்தை: இரு. ஒரு வண்டி வந்திருக்கிறது, பெட்டி எண்ணிவிட்டு வருகிறேன்.

அம்மா: வடகம் தப்பித்தது. மாமா எழுந்துவிட்டார், காபி கேட்கிறார். குழுவில் என்ன இவ்வளவு சத்தம் என்றும் கேட்கிறார்.

செல்வி அத்தை (மாலை 4.51): 7-ஐ 12 முறை பெருக்கினால் 1-இல் முடிகிறது. 5 எப்போதும் 5. கூட்டினால் 6. அந்தப் பக்கம் 2, அதுவும் 6. கடைசி இலக்கம் ஒத்துப்போகிறதே அண்ணா!

பெரியப்பா: ஒத்துப்போகும். உன் சோதனையைத் தாண்டிவிட்டது. விடைகளின் முதல் பத்து இலக்கங்களும் ஒன்றுதான். தலையும் சரி, வாலும் சரி. இப்போது நடுவில் கையை வைக்கிறேன், பார். 3987-இன் இலக்கங்களைக் கூட்டு: 27. 4365-க்கு 18. இரண்டும் மூன்றால் வகுபடும், ஆகவே இடப்பக்கம் முழுவதும் மூன்றால் வகுபடும். 4472-க்குக் கூட்டினால் 17. மூன்றால் வகுபடாது. அதை எத்தனை முறை தன்னோடு பெருக்கினாலும் வகுபடாது. கதை முடிந்தது.

செல்வி அத்தை: நன்றாக இருக்கிறது அண்ணா. மூன்றால் வகுத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை நாளையிலிருந்து மண்டியிலும் வைத்துக்கொள்கிறேன்.

கார்த்தி: அந்தக் காட்சியைத் திரையில் பார்த்தால் பலகை சில நொடிகள்தான் வரும் அத்தை. குழந்தைகளுக்கு அது ஒரு மனிதர் எதையோ கிறுக்குவது, அவ்வளவுதான். நின்று பார்க்கிறவருக்கு அதற்குள் ஒரு விடுகதை இருக்கிறது. கலிபோர்னியாவில் அனிமேஷன் படித்தவர்கள் தங்கள் வகுப்பறை எண்ணான 'ஏ 113'-ஐ இதே போலக் கார் எண்ணாகவும் கதவு எண்ணாகவும் தங்கள் படைப்புகளில் நுழைத்துவிடுவார்கள். ஒன்றாகப் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் அது. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் ஒளிநாடாக்கள் வெளியே கசியாமல் இருக்க, அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 'டார்ச்வுட்' என்று பெயர் ஒட்டினார்கள். பிறகு அதே பெயரில் ஒரு தொடரே வந்தது.

செல்வி அத்தை: வகுப்பறை எண் எனக்கு வேண்டாம். அது அவர்கள் வீட்டு விஷயம். கணக்கு பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

நிலா: அப்படியானால் தாத்தாவுக்கு இடம் இருக்கிற ஒன்றை அனுப்புகிறேன். அம்மா, இந்த ஒலிப்பதிவைத் தாத்தாவின் காதருகே வையுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். என்ன கேட்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

நிலா: [ஒலிப்பதிவு]

அம்மா: வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா: விரலால் நாற்காலியின் கையில் தட்டுகிறார். இன்னொரு முறை போடச் சொல்கிறார்.

அம்மா: மாமா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "நீளம் நீளம், எம். நீளம் நீளம் நீளம், ஓ. குட்டை நீளம் குட்டை, ஆர். மூன்று குட்டை, எஸ். ஒரு குட்டை, இ. மோர்ஸ். யார் அனுப்புகிறார்கள் இதை?"

நிலா: தாத்தா!! 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரின் தொடக்க இசை அது. 1987 முதல் 2000 வரை வந்தது. பேரிங்டன் ஃபெலோங் என்ற இசையமைப்பாளர் அந்த அதிகாரியின் பெயரை, தந்தியில் எழுத்துகளை நீள, குட்டை ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் குறியீட்டிலேயே மெட்டுக்குள் வைத்தார்.

கார்த்தி: அதற்கு மேலும் இருக்கிறது. சில பகுதிகளில் கொலையாளியின் பெயரையே பின்னணி இசையில் குறியீடாக வாசிக்க வைத்திருக்கிறார். சில சமயம் வேண்டுமென்றே வேறொருவர் பெயரை வைத்துத் திசைதிருப்பியும் இருக்கிறார். கதையை எழுதிய காலின் டெக்ஸ்டரும் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு நொடி வந்துபோவார். மோர்ஸ் என்ற பெயரும்கூடத் தந்தியிலிருந்து வரவில்லை. குறுக்கெழுத்துப் புதிரில் கெட்டிக்காரரான ஜெரமி மோர்ஸ் என்பவரின் நினைவாக டெக்ஸ்டர் வைத்தது.

அம்மா: மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "தர்மபுரி தந்தி அலுவலகத்தில் ராத்திரி முறையில் இருக்கும்போது சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் இதே சத்தத்தில்தான் வரும். 2013-இல் தந்தியை நிறுத்தினார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே தந்திக் கருவியின் சாவியைத் தட்டுகிற வேலை போய்விட்டது. இந்தக் காதுக்கு இனி வேலை இல்லை என்றுதான் இருந்தேன். எங்கோ ஒருவன் மெட்டு கட்டும்போது இதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் கேட்பான் என்று நினைத்திருக்கிறான் பார்" என்கிறார்.

பெரியப்பா: அப்பா, நீங்கள் இரண்டாம் முறையிலேயே படித்துவிட்டீர்கள். அத்தனை வேகம் இன்னும் இருக்கிறது உங்களுக்கு.

செல்வி அத்தை: நானும் கேட்டேன் அப்பா. எனக்கு எழுத்து எதுவும் கேட்கவில்லை. மனத்தைப் பிசைகிற ஒரு மெட்டுதான் கேட்டது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

செல்வி அத்தை: இப்போது சொல்கிறேன், நிலா. அந்த மெட்டு என்னையும் விட்டுவிடவில்லை, அப்பாவையும் விட்டுவிடவில்லை. இப்படி வைத்தால் நான் கோபிக்கவே மாட்டேன். எனக்குக் கோபம் வருவது எதற்குத் தெரியுமா? நான் இரவில் பார்க்கும் தொடர் ஒன்றில், அழுதுகொண்டிருந்த மருமகள் திடீரென்று நின்று, அதே அலைவரிசையின் இன்னொரு தொடரின் வசனத்தைப் பேசுகிறாள். கேமராவும் நின்று அவளையே பார்க்கிறது. அதைப் பார்க்காத எனக்கு அங்கே கதை அறுந்துபோகிறது. ஒளித்து வைத்தால் நன்றாக ஒளித்து வைக்க வேண்டும். கதவைத் தட்டிக்கொண்டே ஒளியக் கூடாது.

பெரியப்பா: முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தான். நல்ல கணக்கைப் போட்டு முடித்த பிறகும் அதற்குள் இன்னொன்று இருக்கும். தேடாதவனுக்கும் விடை கிடைக்கும்.

அம்மா: மாமா கேட்கிறார், கொலையாளியின் பெயர் இசையில் வருகிற பகுதி எது? படத்தைப் பார்க்காமல் இசையை மட்டும் கேட்டே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

கார்த்தி: அடுத்த வாரம் ஓசூரிலிருந்து வரும்போது எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு எடுத்து வருகிறேன் தாத்தா. நீங்கள் முதலில் கேளுங்கள், நாங்கள் பிறகு பார்க்கிறோம். சொல்லிவிடாதீர்கள்.

பெரியப்பா: வரும்போது மாம்பழம் வாங்காதே. இங்கே தோட்டத்திலிருந்து இரண்டு பெட்டி வந்திருக்கிறது.

கார்த்தி: சரி அப்பா. அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை. ஃபியூச்சுராமாவின் 2007 நீள்படத்தில் ஒரு டாக்ஸி வருகிறது. அதன் எண் 87539319.

பெரியப்பா: டாக்ஸியா? அப்படியானால் அது ராமானுஜன் வீட்டுப் பிள்ளைதான்! இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. ஒன்று நினைவிருக்கிறது: 167³ + 436³. மற்ற இரண்டையும் நிலா கண்டுபிடிக்கட்டும்.

நிலா (மாலை 6.20): பெரியப்பா, கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதித் தேடினேன்.

228³ + 423³
255³ + 414³

செல்வி அத்தை: மூன்றும் 9-இல் முடிகின்றன. தாளில் முழுவதும் பெருக்கியும் பார்த்துவிட்டேன், மூன்றும் சரி. தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

செல்வி அத்தை: [படம்]

பெரியப்பா: 423-இன் கனம் 75686967. ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை செல்வி.