ஸ்டார்டியூ வேலி: லியா 8 ஹார்ட்லயே நிக்குறா, வின்டருக்குள்ள கல்யாணம் முடியுமா?

பூசணித்தோட்டம்
ஸ்டார்டியூ வேலி விவசாய வீடியோ கேம்ல எனக்கு முதல் வருஷம், ஃபால் (இலையுதிர் சீசன்) 10ம் தேதி. நான் கல்யாணம் பண்ண நினைக்கிற லியாவுக்கு 8 ஹார்ட் (நட்பு அளவு) நிறைஞ்சாச்சு. மிச்ச ரெண்டும் சாம்பல் நிறத்துல கிடக்கு, சாலட் கொடுத்தும் நகரல. கையில 14,000 கோல்டு, 380 மரம். பீச் பாலம் சரி பண்ணியாச்சு, வீடு இன்னும் பழசுதான். 12 பூசணி 14ம் தேதி அறுவடைக்கு வரும். வின்டருக்குள்ள கல்யாணம் நடக்குமா? ஊர்ல இருக்கிற எமிலி, ஹேலிக்கும் பொக்கே (காதல் சொல்லக் கொடுக்கிற பூங்கொத்து) கொடுத்தா லியாவுக்குத் தெரிஞ்சிடுமா?

கரித்துண்டு
பொக்கே கொடுக்காம அந்த ரெண்டு ஹார்ட் திறக்காது, அதுவரை பரிசெல்லாம் வீண். பியேர் கடையில 200 கோல்டு. ஆனா ஃபால் 10 புதன்கிழமை, கடை லீவு. நாளைக்குத்தான் வாங்க முடியும்.

இன்னைக்கு நேரா தச்சர் ராபின்கிட்ட போங்க. வீட்டோட முதல் அப்கிரேடு 10,000 கோல்டு, 450 மரம். குறையுற 70 மரத்தை அவகிட்டயே 700 கோல்டுக்கு வாங்கலாம் (முதல் வருஷம் ஒண்ணு 10, அடுத்த வருஷம் 50 ஆயிடும்). இந்த அப்கிரேடு இல்லாம பெண்டன்ட் (கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்கக் கொடுக்கிற பதக்கம்) கிடைக்காது. பத்து ஹார்ட் சேர்த்துட்டு இதுல மாட்டிக்கிறவங்கதான் அதிகம்.

ஒரு ஹார்ட் 250 பாயின்ட், ஆக உங்களுக்கு 500 வேணும். தினமும் ஒரு தடவை பேசினா 20. ரொம்பப் பிடிச்ச பரிசுக்கு 80, அதுவும் வாரத்துக்கு ரெண்டுதான், ஒரு நாளைக்கு ஒண்ணுதான். வாரக் கணக்கு ஞாயிறுல புதுசாகும். 11, 12ல சாலட், அப்புறம் 14, 15ல சாலட், திருவிழா நாளான 16ஐ விட்டு தினமும் பேச்சு. 20ம் தேதிவாக்குல 10 ஹார்ட்.

சாலட் கஸ் பார்ல 220 கோல்டு. அதே கல்லாவுல 600க்கு பீட்சாவும் இருக்கு, விலையைப் பார்த்து அதைத் தூக்கிடாதீங்க. லியாவுக்குப் பீட்சாவும் பிரெட்டும் அறவே ஆகாது, கொடுத்தா 40 பாயின்ட் போயிடும்.

காசு: ராபினுக்குக் கொடுத்தது போக 3,300. பொக்கே, நாலு சாலட் போனா 2,220. பூசணி ஒண்ணு 320 வீதம் 3,840. மொத்தம் 6,060, பெண்டன்ட் 5,000. ஒண்ணு ரெண்டு பூசணியை ஆசைக்கு எடுத்து வெச்சாலும் கட்டுப்படியாகும்.

மழைக்காகம்
கணக்கு சரி, ஆனா பெண்டன்ட் விக்கிற கிழவர் மழை நாள்லதான் பீச்சோட கிழக்கு ஓரத்துல, பாலத்துக்கு அந்தப் பக்கம் நிப்பார். வின்டர்ல வரவே மாட்டார். ஆக 20க்கும் சீசனோட கடைசி நாளான 28க்கும் நடுவுல ஒரு மழை வேணும், 27 திருவிழா நாள், அதையும் கழிச்சுடுங்க. தினமும் காலையில டிவியில வானிலை பாருங்க, மறுநாள் மழைன்னு சொன்னா 5,000ஐத் தொடாதீங்க. பெண்டன்ட் கொடுத்த மூணாம் நாள் கல்யாணம். 25க்குள்ள கொடுத்தா ஃபால்லயே முடிஞ்சிடும். 28ல கொடுத்தாலும் தப்பில்ல, வின்டர்லயும் கல்யாணம் நடக்கும்.

பூசணித்தோட்டம்
அந்த எட்டு நாள்ல மழையே வரலைன்னா?

மழைக்காகம்
ரெயின் டோட்டம் போட்டா மறுநாள் மழை. ஆனா அதை நாமளே செய்யணும், ஃபோரேஜிங் (காட்டுப்பொருள் சேகரிக்கிற திறமை) லெவல் 9 வேணும், பொருள் ஹார்டுவுட் 1, ட்ரஃபிள் ஆயில் 1, பைன் டார் 5. முதல் வருஷ ஃபால்ல, ட்ரஃபிள் காளானைத் தோண்டித் தர்ற பன்றி வளர்க்காதவங்களுக்கு ட்ரஃபிள் ஆயில் கஷ்டம். இல்லைன்னா ஸ்ப்ரிங்ல முதல் மழை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வின்டர் 23 லியா பிறந்தநாள், அன்னைக்குப் பரிசுக்கு எட்டு மடங்கு பாயின்ட்.

கரித்துண்டு
அந்த ரெண்டாவது கேள்விக்கு: மூணு பேருக்குப் பொக்கே கொடுத்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. கல்யாணம் பண்ணக்கூடிய ஆறு பெண்களையும் 10 ஹார்ட்டுக்குக் கொண்டுபோனாத்தான் வம்பு. எமிலி, ஹேலி வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஆறு பேரும் சேர்ந்து பிடிச்சுக்குவாங்க, ஒரு வாரத்துக்குப் பேச்சு இல்ல, பரிசும் வாங்க மாட்டாங்க. பையில முயல் கால் (அதிர்ஷ்டப் பொருள்) இருந்தா மட்டும் சும்மா அரட்டையோட போயிடும்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் கவனம். ஹேலிக்குப் பரிசு கொடுத்தது லியா காதுக்குப் போனா 30 பாயின்ட் குறையும். பிறந்தநாள் பரிசுக்கு மட்டும் அந்தப் பொறாமை வராது.